ஆறு பத்து போன நேரம்

மன்னார்ப் பள்ளிமுனையில் அமிர்தநாயகம் வீடு எது என்று கேட்டால் மூன்று வீடுகளைக் காட்டுவார்கள். ரைம்கீப்பர் வீடு என்று கேட்டால் ஒன்றைத்தான் காட்டுவார்கள். தனியார் பஸ்காரர் சங்கமொன்றில் முப்பத்தொரு வருடம் அவர் பார்த்த உத்தியோகம் அது. தகரம் போட்ட சின்னக் கூடு, அதற்குள் ஒரு மேசை, ஒரு கதிரை, வெளிப்பக்கச் சுவரில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஒரு மணிக்கூடு, மேசையில் நீளமான ஒரு புத்தகம். எந்த பஸ் எத்தனை மணிக்கு வெளிக்கிட்டது என்று அந்தப் புத்தகத்தில் எழுதவேண்டும். அவ்வளவுதான் வேலை.

தகப்பனும் இரண்டு தமையன்மாரும் கடலுக்குப் போனவர்கள். இவரும் ஒருநாள் போனார். தோணியில் குடல் புரண்டு, உண்டது தின்றது எல்லாவற்றையும் மீனுக்குக் கொடுத்துவிட்டு வந்து, இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்று கரையில் வைத்துச் சத்தியம் செய்தார். ஆடாமல் அசையாமல் இருக்கிற உத்தியோகம் ஒன்று வேண்டுமென்று தேடினார். அந்தக் கதிரை கிடைத்தது.

அந்த முப்பத்தொரு வருடத்தில் அவருடைய புத்தகத்தில் ஒரு பஸ்கூடப் பிந்தி வெளிக்கிட்டதில்லை.

அங்கே நின்று வெயிலில் காய்ந்தவர்களுக்கு இது பெரிய அதிசயமாக இருக்கும். அமிர்தநாயகமும் முதல் மூன்று நாள் உள்ளதை உள்ளபடிதான் எழுதினார். ஒரு பஸ் பதினைந்து நிமிடம் பிந்தினால் அடுத்த பஸ்ஸின் ஆட்களையும் அதுவே ஏற்றிக்கொண்டு போய்விடும். நாலாம் நாள் அவருடைய எழுத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு சாரதிமார் கட்டிப் புரண்டார்கள். ஒருவருக்குப் பல் போனது. பஸ் பிந்துவதால் சண்டை வரவில்லை, பிந்தியதை எழுதுவதால்தான் சண்டை வருகிறது என்று அவர் அன்றைக்குக் கண்டுபிடித்தார். ஐந்தாம் நாளிலிருந்து எல்லா பஸ்ஸும் அட்டவணைப்படி போனது. நிலையத்தில் சமாதானம் நிலவியது. யுத்த காலத்தில் சோதனைச்சாவடி திறக்காமல் பத்தரை மணிவரை பஸ் வரிசையில் நின்ற நாளிலும், புத்தகத்தில் அது காலமை ஆறு பத்துக்கே போய்விட்டது.

இந்த ஆறு பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். முருங்கன் வழியாக நானாட்டானுக்குப் போகிற முதல் பஸ் அது. அட்டவணையில் ஆறு பத்து என்று இருப்பதால் அதன் பெயரே ஆறு பத்து. அது ஆறு பத்துக்குப் போனதைக் கண்ணால் கண்ட மனிதர் ஒருவரும் இல்லை. சாரதி சந்தியோகு ஆறுதலாகத் தேத்தண்ணி குடித்து, பின் சீற் நிரம்பினபிறகுதான் பஸ்ஸை எடுப்பார். எடுக்கும்போது மூன்று தரம் ஹோண் அடிப்பார். அது பள்ளிமுனை வீடுகளின் அடுப்படிவரை கேட்கும். "ஆறு பத்து போட்டுதோ?" என்று ஒருவர் கேட்பார். "இல்லை, இண்டைக்கு ஆறு பத்து போக ஏழு மணியாகும்" என்று மற்றவர் சொல்வார். யாரும் சிரிப்பதில்லை.

சிரிக்காதவர்களில் ஒருத்தி ரைம்கீப்பரின் மகள் டிலோஜினி. நானாட்டான் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் அவள் ரீச்சர். ஏழரைக்கு அங்கே வரவுப் புத்தகத்தில் அதிபர் சிவப்புக் கோடு இழுத்துவிடுவார். கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தால் பிந்தியது என்று அர்த்தம். டிலோஜினியின் கையெழுத்து அந்தக் கோட்டுக்கு மேலே ஏறிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஆறு பத்து ஒருநாளும் நேரத்துக்குப் போவதில்லை என்று பஸ் சங்கத்துக்கு ஒரு முறைப்பாடு எழுதினாள். சங்கம் நீதியாக விசாரித்தது. புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னது. ரைம்கீப்பர் பேப்பரில் சுற்றிக் கொண்டுபோய் விரித்து வைத்தார். ஒவ்வொரு நாளும் ஆறு பத்து, ஆறு பத்து, ஆறு பத்து என்று வடிவான எழுத்தில் கிடந்தது. முறைப்பாடு தள்ளுபடியானது.

அன்றைக்கு வீட்டில் கோப்பைகள் பறக்காத குறை. தாய் லூசியாதான் இடையில் புகுந்தாள். "இந்த வீட்டுக்குள்ள ஆறு பத்து ஆறு பத்துக்குத்தான் போகுது. ரெண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு சாப்பிடுங்கோ" என்றாள். சட்டம் அமுலுக்கு வந்தது. ஆனால் டிலோஜினி அடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு காலையும் பஸ்ஸில் ஏற முன்பு ஒரு படம் எடுக்கத் தொடங்கினாள். அசையாமல் நிற்கிற பஸ், அதற்குப் பின்னால் சுவர் மணிக்கூடு, இரண்டும் ஒரே படத்தில். ஒருநாளைக்குத் தேவைப்படும் என்று தாயிடம் மட்டும் சொல்லி வைத்தாள்.

சட்டம் போட்டவளுக்கு மட்டும் அந்தச் சட்டம் பொருந்தாது. ஹோண் கேட்கும்போதெல்லாம் லூசியா புருசனை ஒரு பார்வை பார்த்து, "இஞ்சாருங்கோ, உங்கட ஆறு பத்து போகுது" என்பாள். அவர் கேட்காத மாதிரி எழும்பிப் போய்விடுவார். வீட்டுச் சுவர் மணிக்கூட்டைப் பார்க்கவே மாட்டார். ஊரே மரியாதையாக ரைம்கீப்பர் என்று கூப்பிடுகிற மனிதரை இப்படிக் கிள்ளுவதற்கு ஒரு நாக்குத்தான் இருந்தது. அந்த நாக்கு இல்லாவிட்டால் அவருக்கு விடியாது. இதை அவர் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு அவர் ஓய்வுபெற்றார். கதிரை நௌஷாட்டிடம் போனது. நாற்பது வயது, பொறுப்பான மனிதன். அவனுக்கு ரைம்கீப்பர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இதுதான்: "ஆர் வந்து கேட்டாலும் புத்தகத்தில கிடக்கிறதைச் சொல்லு. கண்ணால கண்டதைச் சொல்லாதை."

பெரிய வெள்ளிக்கு முந்தின தபசு காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. லூசியா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைக்கிற நேரம் பார்த்து மூன்று தரம் ஹோண் கேட்டது. "இஞ்சாருங்கோ, உங்கட ஆறு பத்து போகுது" என்றாள். அவர் வழக்கம்போல எழும்பி மீன் வாங்கக் கரைக்குப் போனார். அங்கே நின்று கொஞ்சம் கதைத்தார். பாரைமீனோடு திரும்பி வரும்போது ஏழு முப்பத்தைந்து. லூசியா அடுப்படியில் விழுந்து கிடந்தாள். வலது கையும் காலும் அவளுடையது மாதிரி இல்லை. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. அவரைக் கண்டதும் எதையோ சொன்னாள். அதில் ஒரு சொல்லும் சொல்லாக இல்லை.  பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டோவை எடுத்துக்கொண்டு வந்து சத்தம் போட்ட பிறகுதான் கையிலிருந்த மீனைக் கீழே வைத்தார்.

கிட்டடி ஆஸ்பத்திரியில் அவர்கள் ஒரு நிமிடத்தையும் வீணாக்கவில்லை. பாரிசவாதம், ஸ்கான் எடுத்துப் பார்த்து வைத்தியம் செய்யிற இடத்துக்கு இப்பவே அனுப்பவேணும் என்றார்கள். அந்த இடம் இரண்டு மணித்தியால ஓட்டத்தில் இருந்தது. அம்புலன்ஸ் வர முன்பு, கல்முனைப் பக்கமிருந்து மாற்றலாகி வந்து மூன்று கிழமையான தாதி மிஸி ஒருத்தி படிவத்தோடு வந்தாள்.

"ஐயா, அம்மா கடைசியா எப்ப நல்லா இருந்தவங்க?"

"ஆறு பத்து போகேக்க நல்லா இருந்தவ, மிஸி. பகிடியும் விட்டவ."

மிஸி 6.10 என்று எழுதினாள். மன்னாரில் பிறந்த யாராவது பேனையைப் பிடித்திருந்தால், சரி ஐயா, இண்டைக்கு ஆறு பத்து எத்தனை மணிக்குப் போனது என்று இரண்டாவது கேள்வி ஒன்று கேட்டிருப்பார்கள். ரைம்கீப்பரும் அந்த எழுத்தைப் பார்த்தார். முப்பத்தொரு வருடம் தன் கையால் எழுதிய எழுத்து. அந்தப் பதற்றத்துக்குள்ளும் அதைப் பார்க்க அவருக்கு ஒரு சின்ன நிம்மதிகூட வந்தது.

அம்புலன்ஸ் மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கிற தாம்போதியைத் தாண்டிப் பறந்தது. அவர் லூசியாவின் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தார். முருங்கன் சந்தியைக் கடக்கும்போது பழக்கதோசத்தில் கைமணிக்கூட்டைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாகனம் அட்டவணைக்கு முந்தி ஓடுவதைக் கண்டார். லூசியாவுக்கு இதைச் சொன்னால் ஒரு நக்கல் வரும் என்று நினைத்தார். சொல்லவும் செய்தார். அவள் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

பத்து இருபத்தைந்துக்குப் பெரிய ஆஸ்பத்திரி. ஸ்கான் அறைக்கு நேரே கொண்டுபோனார்கள். பத்து நாற்பத்தேழுக்கு டொக்டர் யதுர்சிகா வெளியே வந்தாள். டிலோஜினியை விட இரண்டு வயது கூட இருக்கலாம்.

"ஐயா, மூளையில இரத்தம் கசியேல்ல. இரத்தக் கட்டிதான் அடைச்சிருக்கு. அதைக் கரைக்கிற ஊசி எங்களிட்ட இருக்கு. ஆனா வருத்தம் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள்ளதான் போடலாம். கடைசியா நல்லா இருந்தது ஆறு பத்துக்கு எண்டு எழுதியிருக்கு. பத்து நாப்பதோட அது முடிஞ்சுது."

இந்த நாலரை மணித்தியாலம் எல்லாருக்கும் ஒன்றுதான். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் வடை விற்கிறவருக்கும் நாலரை, தலைமன்னார்க் கரையில் வலை பொத்துகிறவருக்கும் நாலரை. இந்த நாட்டில் இவ்வளவு சமமாகப் பங்கிட்ட சாமான் வேறு ஒன்றும் கிடையாது. வடைக்காரர் அதில் ஐந்து நிமிடத்தைச் செலவழித்து வாசலைத் தாண்டுவார். தீவுக்காரர் முக்கால்வாசியையும் ரோட்டில் செலவழித்துவிட்டு வந்து மிச்சத்துக்குக் கையேந்துவார்.

"ஏழு நிமிசமோ டொக்டர்?" என்றார் ரைம்கீப்பர். ஏழு நிமிடத்தை அவர் பேனை நுனியால் எத்தனை ஆயிரம் தரம் அழித்திருக்கிறார்.

"ஏழு நிமிசம் மட்டும் எண்டில்லை ஐயா. ஸ்கான் முடிஞ்சு, மருந்து ஏத்த இன்னும் நேரம் போகும். பிந்திப் போட்டா அந்த ஊசியே தலைக்குள்ள இரத்தத்தைக் கசிய வைக்கும்."

அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது.

"டொக்டர், ஆறு பத்து எண்டது பஸ்."

"என்ன பஸ்?"

"நானாட்டான் பஸ். அதின்ர பேர் ஆறு பத்து. அது ஆறு பத்துக்குப் போறேல்ல. ஏழு மணிக்குக் கிட்டத்தான் போகும்."

டொக்டர் அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. "ஐயா, நேரம் தாண்டிட்டுது எண்டு சொன்னாப் பிறகு எல்லாரும் நேரத்தை மாத்தித்தான் சொல்லுகினம். உங்களைக் குறை சொல்லேல்ல. பொய்யான நேரத்தை நம்பிப் போட்டா அம்மாவை நானே கொன்ற மாதிரி."

"பிள்ளை, நான் ரைம்கீப்பர்" என்றார் அவர். அதைவிடப் பெரிய சாட்சி அவரிடம் இல்லை.

"அப்ப நல்லம். பஸ் வெளிக்கிட்ட நேரத்துக்குப் பதிவு இருக்கும்தானே? எடுங்கோ, கேப்பம்."

புத்தகத்தில் என்ன கிடக்கும் என்று தெரிந்தும், நௌஷாட்டின் கண்ணை நம்பினார். நௌஷாட்டின் நம்பரை அழுத்தி, டொக்டர் கேட்கும்படி சத்தமாக வைத்துக் கொடுத்தார்.

"இண்டைக்குக் காலமை நானாட்டான் பஸ் எத்தினை மணிக்கு வெளிக்கிட்டது?" என்று டொக்டர் கேட்டாள்.

"ஆறு பத்துக்கு, மிஸ்."

"வடிவாத் தெரியுமோ?"

"புத்தகத்தில இருக்கு மிஸ். ஒரு நிமிசம் பிந்தேல்ல."

ரைம்கீப்பர் போனைப் பறித்தார். "நௌஷாட், நான் கதைக்கிறன். உண்மையான நேரத்தைச் சொல்லு."

நௌஷாட் குரலைத் தாழ்த்தினான். "ஆறு பத்து, ஐயா."

"கேக்கிறது நான்தான் நௌஷாட்! லூசியா இஞ்ச சாகக் கிடக்கிறா!"

"விளங்குது ஐயா. பக்கத்தில பெரிய ஆக்கள் நிக்கிறாங்க போல. நீங்க பயப்பிடாதீங்க. ஆர் வந்து என்ன சொல்லிக் கேட்டாலும் என்ர வாயிலயிருந்து வேற நேரம் வராது." அதோடு போன் வைக்கப்பட்டது. திரும்ப எடுத்தால் மணி போய்க்கொண்டே இருந்தது. இவ்வளவு நல்ல சீடனை உருவாக்கிய தன்னைத்தானே அவர் அந்த நடைபாதையில் நின்று திட்டினார்.

பத்து ஐம்பத்தெட்டு.

"நான் முப்பத்தொரு வருசமாப் பொய் எழுதினனான் டொக்டர்" என்றார். போன சனம், வந்த சனம் எல்லாம் திரும்பிப் பார்த்தது. "ஒரு நாளும் அந்த பஸ் நேரத்துக்குப் போனதில்லை. முழுக்கப் பொய். அவனுக்கும் நான்தான் பழக்கினனான்."

"முப்பத்தொரு வருசம் பொய் எழுதின ஆள் இப்ப மட்டும் உண்மை சொல்லுறீங்கள் எண்டு நான் எப்பிடி நம்புறது, ஐயா?"

கேள்வி நியாயமானது.  இனி லூசியாவின் நாக்கு எழும்பாது, ஹோண் கேட்டாலும் அந்த வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை என்று நினைத்து அழுதார். அழுதுகொண்டே டிலோஜினியின் நம்பரை எடுத்து நீட்டினார். "என்ர மகள். அந்த பஸ்ஸில போனவள். நீங்களே கேளுங்கோ."

"நீங்கள் ஒரு சொல்லும் சொல்லக்கூடாது" என்றாள் டொக்டர். அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

டிலோஜினி செய்தி கேட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள். "அப்பா, அம்மாக்கு எப்பிடி?" என்றுதான் எடுத்தாள்.

"நான் டொக்டர் கதைக்கிறன். அம்மாவைப் பாத்துக்கொண்டுதான் இருக்கிறம். எனக்கு ஒண்டு மட்டும் தெரியவேணும். இண்டைக்கு ஆறு பத்து எத்தினை மணிக்கு வெளிக்கிட்டது?"

 ரைம்கீப்பருக்குச் சாப்பாட்டு மேசையும் லூசியா போட்ட சட்டமும் ஞாபகத்துக்கு வந்தன. இந்தப் பெட்டை தாய் சொல்லைத் தட்டாதவள். இன்றைக்குத் தட்டவேணும் மாதாவே என்று வேண்டினார்.

"அப்பா பக்கத்தில நிக்கிறாரோ?" என்று டிலோஜினி கேட்டாள்.

"ஓம்."

"நிக்கட்டும். ஆறு ஐம்பத்தொண்டுக்கு எடுத்தவர், டொக்டர். படம் கிடக்கு. இண்டையான் படம் மட்டும் போதுமோ, இல்லாட்டிப் போன வருசத்தையும் அனுப்பவோ?"

பதினொன்று மூன்றுக்குப் படம் வந்தது. பஸ் நிற்கிறது. ரயரில் சாய்ந்துகொண்டு சந்தியோகு தேத்தண்ணி குடிக்கிறார். பின்னால் சுவர் மணிக்கூட்டில் ஆறு நாற்பத்தெட்டு. அதன் கீழே புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு நௌஷாட் கொட்டாவி விடுகிறான். டொக்டர் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தாள். போன் பதிந்த நேரத்தையும் பார்த்தாள். படத்தின் நேரத்தையே எடுத்தாலும் பதினொன்று பதினெட்டுவரை தவணை இருந்தது. அவள் உள்ளே ஓடினாள். பதினொன்று பன்னிரண்டுக்கு ஊசி ஏறியது.

சந்தியோகு குடித்த அந்தத் தேத்தண்ணிக்காக ரைம்கீப்பர் வாழ்நாளில் முதல் தடவையாக ஆண்டவருக்கு நன்றி சொன்னார். அந்த மனிதன் நேரத்துக்கு பஸ்ஸை எடுக்கிற ஒழுங்கானவனாக இருந்திருந்தால் லூசியா போயிருப்பாள்.

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். வலது கால் கொஞ்சம் இழுக்கும். தேங்காய் துருவக் கை இன்னும் வளைந்து கொடுப்பதில்லை. சில சொற்கள் வருவதில்லை, வந்தாலும் ஆள்மாறி வரும். மீனைச் சீப்பு என்பாள். அமிர்தநாயகம் மீனைக் கழுவுவார்.

நௌஷாட்டிடம் போய், இனி உள்ள நேரத்தை எழுதடா தம்பி என்று கெஞ்சினார். நௌஷாட்டும் செய்த பிழைக்குக் கண்ணீர் விட்டு, மூன்று நாள் உள்ளதை எழுதினான். நாலாம் நாள் இரண்டு சாரதிமார் கூட்டுக்கு முன்னால் ஒருவர் சேட்டுக் கொலரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். ஐந்தாம் நாளிலிருந்து பஸ் மறுபடியும் ஆறு பத்துக்குப் போகத் தொடங்கியது.

ஆஸ்பத்திரியில் தந்த அட்டையை டிலோஜினிதான் வாசித்தாள். வார்ட்டில் டொக்டர் திருத்தி எழுதியது உண்மை. ஆனால் அட்டையை நிரப்பியவர் அம்புலன்ஸ் படிவத்தைப் பார்த்து எழுதிவிட்டார். வருத்தம் தொடங்கியது 6.10, ஊசி போட்டது 11.12 என்று கிடந்தது. கிளினிக்குக்குப் போகிற ஒவ்வொரு தரமும் புதிய டொக்டர்மார் அதைப் பார்த்து நெற்றியைச் சுருக்குவார்கள். ஆறு பத்து எண்டது பஸ், டொக்டர் என்று ரைம்கீப்பர் ஆரம்பத்திலிருந்து சொல்லுவார்.

ஒரு சனிக்கிழமை காலமை டிலோஜினி அந்த அட்டையை மேசையில் வைத்தாள். "அப்பா, இது பிழை. இந்த எழுத்தின்படி பாத்தா அம்மாக்கு ஊசி பிந்திப் போட்டது. ஒருக்காப் போய் மாத்துவம்."

முப்பத்தொரு வருடத்தில் ஒரு பஸ்ஸையும் பிந்தியதாக எழுதாத மனிதர் அட்டையை எடுத்துப் பார்த்தார். பிறகு அதை அலுமாரிக்குள் வைத்து மூடினார்.

"கிடக்கட்டும் பிள்ளை. கடதாசியில பிந்தினா என்ன? ஆள் வந்து சேந்தவதானே."

தூரத்தில் மூன்று தரம் ஹோண் கேட்டது. லூசியா தேத்தண்ணிக் கோப்பையை இடது கையால் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் சொல்லைத் தேடினாள். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

"இஞ்சாருங்கோ... உங்கட... ஆறு பத்து."

அவர் எழும்பிப் போகவில்லை. தலையைத் திருப்பிச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"ஓம்" என்றார். "ஏழு மணிக்கு ரெண்டு நிமிசம் கிடக்கு."